பழுது கருவியிலோ, பார்வையிலோ?

கருவிகள் நமக்கு ஏவல் செய்யுங்காறும் அவற்றைப் பற்றி நாம் நினைப்பதில்லை. அவை ஒருநாள் ஏவலை மறுப்பின் உடனே அவற்றைக் குறை கூறத் தலைப்படுகின்றோம். கடிகாரம் நின்றால் ‘கெட்டுவிட்டது’ என்கின்றோம். மோட்டார் வண்டி நின்றால் ‘பழுதாகிவிட்டது’ என்கின்றோம். ‘யாது கெட்டது? எதனாற் கெட்டது?’ என்னும் வினாக்கள் நம் நாவில் எழுவதற்கு முன்னரே ‘மாற்றிவிடுங்கள்’ என்னுஞ் சொல் எழுந்துவிடுகின்றது. இப்பழக்கம் நன்றன்று என்பதே யான் ஈண்டு எடுத்துரைக்க விரும்பும் கொள்கை. பழுதை அறிதலே பழுது பார்த்தலின் பெரும்பகுதி. பகுதிகளை மாற்றுதல் அதன் சிறுபகுதியே. இதற்குச் சான்றாக என் வண்டியிலுள்ள ஒரு சிறு கருவியின் வரலாற்றை எடுத்துக்கொள்கின்றேன். மொழி பயிற்றும் ஆசிரியனுக்கு மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச உரிமை யாது என வினவுவார் சிலர் இருக்கலாம். ஏமாந்தவன் என்னும் உரிமை ஒன்றே போதும் என்று அவர்கட்கு விடை கூறுவேன்.

‘குரூஸ் கண்ட்ரோல்’ என்று வழங்கும் அக்கருவியை வேகங் காக்கும் கருவி எனலாம். நெடுஞ்சாலையில் வண்டியை வேண்டிய வேகத்திற்குக் கொணர்ந்து ஒரு பொத்தானை அழுத்தினால், ஆக்ஸிலரேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்ட பின்னரும் வண்டி அவ்வேகத்திலேயே செல்லும். மேடு வந்தால் எஞ்சினுக்கு அதிகம் ஊட்டியும், இறக்கம் வந்தால் குறைத்தும் அது வேகத்தை ஒரு நிலையில் நிறுத்தும். பிரேக் மிதியையோ கிளச்சு மிதியையோ தொட்ட மாத்திரத்தில் அது தன் பிடியை விட்டுவிடும்.

இக்கருவியின் முன்னோர் பழையர். நீராவி எஞ்சினின் வேகத்தை ஒரு நிலைப்படுத்துதற்கு ஜேம்ஸ் வாட்டு என்பார் 1788 இல் சுழலும் இரு குண்டுகளைக் கொண்ட ஓர் அமைப்பை வழங்கினார். எஞ்சின் விரைந்தால் குண்டுகள் விலகி உயரும். அவை உயர்ந்தால் நீராவி வரும் வழி குறுகும். வழி குறுகினால் வேகம் தணியும். மோட்டார் வண்டிக்கு இக்கருத்தை ஏற்றவாறு அமைத்தவர் அமெரிக்க நாட்டு இந்தியானா மாகாணத்தைச் சார்ந்த ரால்ப் டீட்டர் என்பார். அவர் 1890 இல் பிறந்தார். ஐந்தாம் வயதில் ஒரு விபத்தினால் இரு கண்களின் ஒளியையும் இழந்தார். எனினும் மனந்தளராது பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் கற்று 1912 இல் பட்டம் பெற்றார். தம் வழக்கறிஞர் வண்டியோட்ட அருகமர்ந்து செல்லும்போது ஒன்றை அவர் உணர்ந்தார் என்பர்: அவ்வழக்கறிஞர் தாம் பேசுங்கால் வண்டியை மெதுவாகவும், பிறர் பேசக் கேட்குங்கால் விரைவாகவும் செலுத்தினாராம். கண்ணுடையார் எவரும் கருதாத அத்தடுமாற்றம் கண்ணிலாத அவருக்குப் பெரிதாகப் பட்டது. அதற்கு மாற்றாக அவர் ஆக்கிய கருவிக்கு 1950 ஆகஸ்டு 22 இல் உரிமை கிடைத்தது; 1958 ஆம் ஆண்டு மாதிரியாகிய கிரைஸ்லர் வண்டிகளில் அது முதன்முதல் விற்பனைக்கு வந்தது. காண்டற்கு விழி மட்டும் போதாது என்பதற்கு இவர் வாழ்க்கையினும் சிறந்த சான்று வேண்டுமோ?

கருவியின் செயலை ஒருவாறு அறிந்தாலன்றிப் பின்வருவது விளங்காது. அது மூன்று தொழில்களைச் செய்கின்றது. முதலாவது, வண்டியின் வேகத்தை அறிதல். இரண்டாவது, அவ்வேகத்தை நாம் குறித்த வேகத்தோடு ஒப்பிடுதல். மூன்றாவது, வேற்றுமைக்குத் தக்கவாறு எஞ்சினுக்குச் செல்லும் காற்றின் வாயிலைத் திறத்தல் அல்லது மூடுதல். பழைய வண்டிகளில் எஞ்சினின் உறிஞ்சு விசையால் இயங்கும் ரப்பர் சவ்வொன்று கம்பியை இழுத்து இவ்வாயிலைத் திறந்தது. புதிய வண்டிகளில் சிறு மின்மோட்டாரே அதனைச் செய்கின்றது. இம்மூன்றினும் தலையாய தொழில் வேறொன்றுண்டு. அஃது ‘இப்பொழுது யான் இயங்கலாமா?’ என்று இடைவிடாது வினவுதல். பிரேக் மிதியில் கால் உளதா, கிளச்சு மிதியில் கால் உளதா, வேகம் மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்குக் குறைந்ததா, எஞ்சினிலோ பிரேக்கிலோ வேறு குறை காணப்பட்டதா என்றெல்லாம் அது நோக்கும். ஒன்றில் ஐயம் எழுந்தாலும் பொறுப்பை ஏற்க மறுக்கும். ஆகவே இக்கருவி இயங்கவில்லையென்றால் அது கெட்டுவிட்டதென்று கொள்ளலாகாது. யாதோ ஒரு காரணம் பற்றி அது மறுக்கின்றது என்றே முதற்கண் கொள்ளல் வேண்டும்.

இவற்றையெல்லாம் யான் அறிந்தது காலந்தாழ்த்தே. என் வண்டி பத்தாண்டு கண்ட பழைய வண்டி. ஒருநாட் காலை அதன் பாட்டரி முற்றும் வலியிழந்து கிடந்தது. பாட்டரிக்கு வயது நான்காகியதால் அதுவே குற்றவாளியென முடிவு செய்து புதியதொன்று வாங்கினேன். சின்னாட் கழித்துத் திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையிற் செல்ல நேர்ந்தது. கயத்தாற்றைக் கடந்ததும் வழக்கம்போல் வேகங் காக்கும் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, வேகம் நிற்கவில்லை. மீண்டும் அழுத்தினேன், ஒரு கல் தொலைவு நின்று விட்டுவிட்டது. சாத்தூரளவும் அதனோடு மன்றாடிப் பின் கைவிட்டேன்.

ஊர் திரும்பியதும் பெரியதொரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு சென்றேன். அங்கே வண்டியின் கணிப்பொறியோடு ஒரு கருவியைப் பொருத்தி வினவினர். பிழை யாதும் பதிவாகவில்லை என்றது அது. ‘அங்ஙனமாயின் ஸ்டியரிங்குச் சக்கரத்திலுள்ள பொத்தான்களே தேய்ந்திருத்தல் வேண்டும்’ என்று கூறி அவற்றை மாற்றினர். வீடு திரும்பும் வழியிற் கருவி ஒழுங்காக இயங்கியது. யானும் மகிழ்ந்து, பட்டறையாரைப் பாராட்டினேன். இரண்டு நாட் சென்றபின் பழைய மறுப்பு முன்னினும் உறுதியாக வந்தது. மீண்டும் சென்றபோது, ‘கணிப்பொறியையே மாற்றல் வேண்டும், வெளியூரிலிருந்து வருவிக்கவேண்டும், அதனாலும் தீரும் என்று உறுதி கூற இயலாது’ என்றனர். அதன் விலையைக் கேட்டு, யோசித்துச் சொல்வதாகக் கூறி வந்துவிட்டேன். மறுநாட் காலை புதிய பாட்டரியும் உயிரற்றுக் கிடந்தது.

எங்கள் தெருக்கோடியிற் சிறு பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவர் உளர். அனைவரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பர். வண்டியை உயிர்ப்பித்துத் தருமாறு வேண்ட, வேறொரு பாட்டரியைத் தோளிற் சுமந்துகொண்டு அவர் வந்தார். என் வண்டி, கொட்டகையின் பின்சுவரை ஒட்டிப் பின்புறம் காட்டி நிற்பது வழக்கம். அவர் தம் பாட்டரியின் கம்பிகளைப் பொருத்தினார். அக்கணமே பின்சுவர் முழுதும் செந்நிறமாயிற்று. வண்டியினுள் ஒருவருமில்லை, சாவியும் என் சட்டைப்பையில் இருந்தது.

“ஸார், உள்ளே யார் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறார்கள்?” என்று வினவினார் அண்ணாச்சி.

“ஒருவரும் இல்லையே, அண்ணாச்சி!” என்றேன்.

“ஆள் இல்லை, ஆனால் மிதித்தபடியே இருக்கிறது. வண்டிக்குள் கால் வைக்கும் இடத்தில் தூள் தூளாக ஏதும் விழுந்து கிடந்ததா?”

அப்பொழுதுதான் எனக்கு நினைவு வந்தது. சில வாரங்களாக மிதியடி விரிப்பின்மேற் சில பிளாஸ்டிக்குத் துணுக்குகள் கிடந்தன. குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் உடைந்ததெனக் கருதி யானே அவற்றைத் துடைத்தெறிந்தேன்.

அண்ணாச்சி குனிந்து, பிரேக் மிதியின் தண்டை விளக்கொளியிற் காட்டினார். அத்தண்டின் மேற்பகுதியில் ஒரு துளை உண்டு. அதனைச் சட்டைப் பொத்தான் அளவினதாகிய ஒரு சிறு அடைப்பு மூடியிருத்தல் வேண்டும். மிதியில் கால் இல்லாதபோது அவ்வடைப்பு பிரேக் சுவிட்சின் முனையை அழுத்தி நிற்கும். மிதித்தால் தண்டு விலகி முனை வெளிவரும். அதனாற் பின்விளக்கு எரியும். வேகங் காக்கும் கருவியும் விடுபடும். ஆண்டுகள் பல கழிந்தமையால் அவ்வடைப்பு பொரிந்து உதிர்ந்துவிட்டது. சுவிட்சின் முனை அத்துளையினுள் நுழைந்து ஓய்வாக இருந்தது. ஆகவே, பிரேக்கின்மேற் கால் இருப்பதாகவே வண்டி நம்பிற்று. பின்விளக்கு இரவெல்லாம் எரிந்து பாட்டரியை வற்றச் செய்தது. வேகங் காக்கும் கருவியோ, ‘பிரேக்கை மிதித்துக்கொண்டே வேகத்தைக் காக்கச் சொல்லுதல் முறையன்று’ என மறுத்தது. பட்டறையில் யாதொரு பிழையும் பதிவாகாமைக்குக் காரணமும் இதுவே. சுவிட்சு பழுதில்லை, கம்பி பழுதில்லை, கணிப்பொறியும் பழுதில்லை. பிரேக்கை மிதித்தல் பிழையாகாதன்றோ? பொத்தான்களை மாற்றிய அன்று கருவி இயங்கியதும் அவற்றின் பயனன்று. உதிர்ந்து தீராத ஒரு துண்டு அன்று தற்செயலாகத் தன் இடத்தில் நின்றமையே. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமையால், முன்னது பின்னதற்குக் காரணமென்று கொள்ளும் மயக்கத்தில் யானும் பட்டறையாரும் ஒருங்கே வீழ்ந்தோம்.

புதிய அடைப்பின் விலை ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் குறைவு. கால் மணி நேரத்தில் எல்லாம் செம்மையாயிற்று. ஆயினும் என் மனம் செம்மையாகவில்லை. பின்விளக்கு ஓயாது எரியும் வண்டியை யான் எத்தனை நாள், எத்தனை மாலைப்பொழுதில் நெடுஞ்சாலையில் ஓட்டினேன்! எப்பொழுதும் எரியும் விளக்கு எரியாத விளக்கையே ஒக்கும். யான் மெய்யாகவே வேகத்தைத் தணித்தபோது பின்னே வந்த லாரிக்கோ, குடும்பத்தோடு வந்த மோட்டார் சைக்கிளுக்கோ அதனை அறிவிக்க என் வண்டியில் ஓர் அடையாளமும் இல்லை. வேகங் காக்கும் கருவி ஒவ்வொரு முறை மறுத்தபோதும் அதனையே எனக்குக் கூறிக்கொண்டிருந்தது. யான் அதனைப் பழுது என்றேன். அது எச்சரிக்கையாக இருந்தது.

ஆகவே, இக்கருவி மறுக்குங்கால் எவ்வொழுங்கில் ஆராய்தல் வேண்டும் என்பதனைச் சுருக்கிக் கூறுவேன். பொருட்செலவில்லாதவற்றை முதலிலும், செலவு மிக்கவற்றை இறுதியிலும் நோக்குதலே முறை. ஒருவரைப் பின்னே நிறுத்தி, மிதிக்கும்போது பின்விளக்குகள் எரிகின்றனவா, விட்டபோது அணைகின்றனவா என்று பார்க்கவேண்டும். சில வண்டிகளில் வேகங் காக்கும் கருவி பின்விளக்குப் பல்புகளின் வழியாகவே தன் மின்னோட்டத்தைச் சோதிக்கும். அவற்றில் பல்பு எரிந்துபோயினும், பழைய பல்புக்கு மாறாக எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினும் கருவி மறுத்துவிடும். அடுத்துப் பியூஸ்களையும், கிளச்சு மிதியின் சுவிட்சையும் நோக்குக. வேகங் காட்டும் முள் துள்ளுகின்றதா, எஞ்சின் விளக்கோ பிரேக் எச்சரிக்கை விளக்கோ எரிகின்றதா என்று காண்க. சக்கர வேகத்தை அறிவிக்கும் உணர்கருவி தவறினால் இக்கருவியும் உடன் நிற்கும். ஸ்டியரிங்குப் பொத்தான்களோடு ஹாரனும் ஊமையாயின், சக்கரத்தின் உள்ளே சுருண்டு கிடக்கும் மின்நாடா அறுந்ததென ஐயுறலாம். அங்கே காற்றுப்பை இருத்தலால் அப்பகுதியைத் தேர்ந்தவரே தொடுதல் நன்று. பழைய வண்டியாயின் உறிஞ்சு குழாய்கள் வெடித்துள்ளனவா, கம்பி சிக்குண்டதா என நோக்குக. முன்செல்லும் வண்டியை ரேடார் கொண்டறிந்து தானே விலகிச் செல்லும் புதுவகையாயின், முகப்பிலுள்ள ரேடாரின்மேல் சேறு படிந்ததா, பம்பரைப் பழுது பார்த்தபின் அதன் நோக்குத் திசை மாறிற்றா எனக் காணல் வேண்டும். கணிப்பொறியை வினவுங்கால் பதிவான பிழைகளை மட்டும் கேளாது, ‘இப்பொழுது பிரேக் மிதியைப் பற்றி நீ யாது எண்ணுகின்றாய்?’ என்றும் கேட்கவேண்டும். என் வண்டியிடம் இவ்வொரு வினாவைக் கேட்டிருந்தால் அன்றே உண்மை வெளிப்பட்டிருக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. கருவி மறுக்கும்போது பிரேக் சுவிட்சை விலக்கிக் கம்பிகளை நேரே முறுக்கிவிட்டால் அது இயங்கிவிடும் என்று கூறுவார் சிலர் உளர். இவ்வறிவுரையினும் கொடிய பகை வேறில்லை. இயங்காத கருவியால் வரும் இழப்பு நம் வலக்காலின் சிறு அயர்வே. விடாத கருவியால் வரும் இழப்போ உயிரிழப்பாகலாம். வண்டியைச் செய்வோர் இதனை நன்கு உணர்வர். உணர்ந்தும் சிலகாற் பிழைபட்டதுண்டு. ஃபோர்டு கம்பெனியார் 1990-களில் செய்த பல வண்டிகளில், வேகங் காக்கும் கருவியை விடுவிப்பதற்கென்றே இரண்டாவது சுவிட்சு ஒன்று பிரேக் எண்ணெய் செல்லும் பகுதியிற் பொருத்தப்பட்டிருந்தது. எண்ணெயையும் மின்சாரத்தையும் பிரித்து நின்றது ஒரு மெல்லிய சவ்வு. நாளடைவில் அச்சவ்வு விரிய, எண்ணெய் மின்பகுதியிற் கசிந்து அரித்தது. சாவியை எடுத்த பின்னரும் அச்சுவிட்சில் மின்சாரம் ஓயாது இருந்தமையால், நிறுத்திவைத்த வண்டிகளும் தீப்பற்றின. 1999 தொடங்கி 2009 வரை பலமுறையாக ஒரு கோடிக்கு மேற்பட்ட வண்டிகளை அவர்கள் திரும்ப அழைத்தனர். பல வண்டிகளுக்கு மருந்தாக அமைந்தது பியூஸ் கொண்ட ஒரு சிறு கம்பித் துண்டே. காவலுக்கென வைத்த கருவியே தீயை மூட்டிற்று என்றால், காவலைத் தெரிந்தே நீக்குவோரை என்னென்பது!

வண்டி ஓடுங்கால் கருவி பிடியை விடாதாயின் செய்யவேண்டியதனையும் யாவரும் அறிந்திருத்தல் நலம். பிரேக்கை உறுதியாக, விட்டுவிட்டு மிதியாது ஒரே அழுத்தமாக மிதிக்கவேண்டும். கியரை நியூட்ரலுக்குக் கொணரவேண்டும். கருவியின் பொத்தானை அணைத்துச் சாலையோரம் சேரவேண்டும்.

இனி, பட்டறையாரை மட்டும் குறை கூறுதல் நடுநிலையாகாது. அவர்கள் தரப்பிலும் சொல்லத்தக்கது உண்டு. மூன்று மணி நேரம் ஆராய்ந்து, கால் மணி நேரத்திற் பொத்தான் அளவினதாகிய அடைப்பை மாற்றிவிட்டு, மூன்று மணி நேரத்திற்குக் கூலி கேட்டால் நாம் கொடுப்போமா? ‘இச்சிறு பொருளுக்கா இவ்வளவு?’ என்று வெகுள்வோம். பெரும்பொருள் ஒன்றை மாற்றிவிட்டதாகக் கூறிப் பட்டியல் நீட்டினால் வாய் திறவாது கொடுத்துவிடுகின்றோம். பொருளுக்கு விலை உண்டு, அறிவுக்கு விலையில்லை என்று நாமே வகுத்துவைத்த நாட்டில், அறிவை விற்க முன்வருபவர் யாவர்? அன்று அண்ணாச்சி என்னிடம் கேட்டதும் அடைப்பின் விலையும், பாட்டரி சுமந்து வந்த கூலியுமே. தம் பார்வைக்கு அவர் விலை கூறவில்லை. கூறியிருந்தால் யான் மகிழ்ந்து கொடுத்திருப்பேனா என்று என்னையே வினவிக்கொண்டேன். விடை எனக்குப் பெருமை தருவதாயில்லை. ஆகவே, ஆராய்ச்சிக்குத் தனிக்கூலி என்னும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவேண்டும் என்பதும், அதனைக் கேட்பவரை ஏமாற்றுபவராகக் கருதலாகாது என்பதும் என் துணிபு.

மாணவ நண்பர்களே! இக்கதையில் உங்களுக்கும் பங்குண்டு. நம் கல்லூரியிற் பௌதிகம் பயில்வோர் பலர். மின்சுற்றின் படத்தைத் தாளில் வரைந்து மதிப்பெண் பெறுவோர் அவருள் மிகப் பலர். ஆனால், வண்டியின் அடியிற் குனிந்து ஒரு சுவிட்சின் இருமுனைகளையும் சோதிக்கத் துணிபவர் எத்தனை பேர்? கையில் எண்ணெய் படிதல் கல்விக்கு இழுக்கென்று எண்ணும் மனப்பான்மை இன்னும் நம்மை விட்டு முற்றும் நீங்கவில்லை. பழைய வண்டியொன்றை வாங்கிக் கல்லூரி வளாகத்தில் ஒரு மரநிழலில் நிறுத்தி, சனிக்கிழமைதோறும் அதில் வேண்டுமென்றே ஒரு பழுதை உண்டாக்கி, காரணத்தைக் கண்டுபிடிக்குமாறு மாணவரை ஏவினால் என்ன? அண்ணாச்சியைப் போன்ற ஒருவரை அதற்கு ஆசிரியராக, தக்க சம்பளத்தோடு, அழைத்தால் என்ன? அறிகுறிகள் மூன்றையும் தனித்தனியே பாராது ஒருங்கு வைத்து நோக்கும் பழக்கம், மருத்துவராகப் போவோர்க்கும் வழக்கறிஞராகப் போவோர்க்கும் ஆசிரியராகப் போவோர்க்கும் ஒருங்கே பயன்படும்.

ஆசிரியர்க்குப் பயன்படும் என்றது வெற்றுரையன்று. வகுப்பில் விடை கூறாது நிற்கும் மாணவனைக் கண்டால், ‘இவன் மந்தன்’ என்று யானும் பன்முறை முடிவு செய்ததுண்டு. அச்சுவர் சிவந்த காலைக்குப் பின் அவ்வாறு முடிவு செய்ய என் மனம் கூசுகின்றது. அவன் ஏன் மறுக்கின்றான், எந்த மிதியின்மேல் எவர் கால் இருக்கின்றது என்று முதலில் நோக்கவே விரும்புகின்றேன்.